பன்னம் எங்கே கருகத் தொடங்கியது? திருகோணமலை வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பன்னம் (fern) வாடினால் எங்கள் கை முதலில் தண்ணீர் வாளிக்குத்தான் போகும். இலை காய்ந்தாலும் தண்ணீர், மஞ்சளித்தாலும் தண்ணீர். திருகோணமலையில் இப்படிச் செய்வது பல வேளைகளில் செடியை இன்னும் கெடுக்கிறது. இங்கே பன்னத்தைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்க் குறைவு அல்ல. தண்ணீரில் இருக்கும் உப்பு, கச்சான் காற்று, வடியாத சாடி ஆகிய மூன்றும்தான். மூன்றும் செடியில் வெவ்வேறு இடத்தில் தொடங்கும். ஆகவே வாளியை எடுக்க முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்: பாதிப்பு முதலில் எந்த இடத்தில் தெரிந்தது? இப்போது எந்த மாதம்?

இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொஸ்டன் பன்னத்துக்கு உரியது. எங்கள் விறாந்தைகளில் அதிகம் தொங்குவது அதுதான். பறவைக்கூட்டுப் பன்னத்துக்கும், கருந்தண்டில் சிறு விசிறி இலைகள் விரியும் அடியன்டம் என்ற பன்னத்துக்கும் வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

நுனியும் ஓரமும் பழுப்பாகின்றன

அதிகம் வரும் குறையும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் குறையும் இதுதான். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, வைத்தியமும் இரண்டு. முதலில் எது என்று பிரித்தறியுங்கள்.

முதிர்ந்த இலைகளின் நுனியில் தொடங்கி, கிழமைக் கணக்கில் மெல்ல உள்ளே வந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். மண்சாடியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். இரண்டு மூன்று நாட்களுக்குள், காற்றுப்படும் பக்கத்தில் மட்டும், இளம் இலையும் சேர்ந்து கருகி, தொட்டதும் நொறுங்கினால் அது காற்று.

காற்றின் கதை சுருக்கமானது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வருகிறது. அதுதான் எங்கள் கச்சான். மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கு யன்னலருகே வைத்த எந்தப் பன்னமும் தப்பாது. வேர் எவ்வளவு தண்ணீரைக் குடித்தாலும், இலை அதைவிட விரைவாக இழக்கிறது. அந்த மாதங்களில் செடியைக் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். மாற்ற இடமில்லாவிட்டால் விறாந்தையின் மேற்குப் பக்கத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். காலையும் மதியமும் அதை நனைக்க வேண்டும். சாடிகளைத் தனித்தனியே வைக்காமல் நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றதைக் காக்கும். குளியலறையில் நல்ல வெளிச்சம் இருந்தால் அந்த நான்கு மாதங்களுக்கு அதைவிடச் சிறந்த இடம் வீட்டில் இல்லை. இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கச்சான் வீசும் மதியத்தில் அந்த ஈரம் சில நிமிடங்களில் போய்விடும். தண்ணீர் சவராக இருந்தால் உப்பு மட்டும் இலையில் மிஞ்சும். மின்விசிறிக்கும் குளிரூட்டிக்கும் நேர் எதிரே வைத்த செடியும் இதே விதமாகத்தான் கருகும். அங்கே மாதம் பார்க்கத் தேவையில்லை.

உப்புதான் எங்கள் ஊரின் உண்மையான சிக்கல். கடற்கரையோர மணல் நிலத்தில் மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. மாரியில் அந்த நன்னீர்ப் படை தடிப்பாக இருக்கும். கோடையில் மெலியும். இறைக்க இறைக்க உப்பு மேலேறும். அதனால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் கடலுக்கு அண்மித்த கிணறுகளில் தை மாதம் இனித்த தண்ணீர் ஆவணியில் சவர்க்கும். செடிக்காரருக்குக் கிணறு மாறியது தெரியாது. "இத்தனை மாதம் இதே தண்ணிதானே ஊத்தினன்" என்பார்கள். அது இதே தண்ணீர் அல்ல. அந்தக் கிணற்றில் தேநீர் வைத்துப் பாருங்கள். உங்கள் நாக்குக்குச் சவர் தெரிந்தால் பன்னத்துக்கு அது ஏற்கெனவே அதிகம்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே பிழையைப் பலர் செய்கிறார்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கும், கழுவித்தான் பாவிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து, புதிய சாடியில் நிரப்பி நட்டேன். ஆறு கிழமையில் நுனிகள் எல்லாம் கருகின. தும்புத்தூளைப் பழித்தேன், விற்றவரைப் பழித்தேன். கடைசியில் புரிந்தது: நான் கழுவியது ஓகஸ்டில், எங்கள் கிணற்றுத் தண்ணீரில். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை எடுத்திருக்கிறேன். அந்தச் செடியை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. நான்கு வருடம் வளர்த்தது அது.

உப்பை எடுப்பது இப்படி. சாடியை நிழலில், தண்ணீர் வடிந்தோடும் இடத்தில் வையுங்கள். சாடி கொள்ளும் அளவைப்போல் நான்கு மடங்கு நல்ல தண்ணீரை அளந்து எடுங்கள். இரண்டு லீற்றர்ச் சாடி என்றால் எட்டு லீற்றர். அதை ஒரே தடவையில் கவிழ்க்காமல், கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்து, மெல்ல மெல்ல ஊற்றுங்கள். அவசரப்பட்டால் தண்ணீர் சாடி ஓரத்தால் வழிந்துவிடும், உப்பு நடுவிலேயே இருக்கும். முழுதும் வடிந்த பிறகுதான் தட்டின் மேல் வைக்க வேண்டும். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. கத்தரிக்கோலால் வெட்டும்போது ஒரு நூலளவு பழுப்பை விட்டு வெட்டுங்கள். பச்சையில் வெட்டினால் வெட்டிய இடம் மறுபடி காயும்.

நல்ல தண்ணீர் எது? கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீர் சவர்க் கிணற்றைவிட எவ்வளவோ மேல். இரவு முழுக்க வாளியில் வைத்தால் குளோரின் மணம் குறையும். ஆனால் சவர்த் தண்ணீரை இரவு வைத்தாலும், கொதிக்கவைத்தாலும், உப்பு போகாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி உப்பு இன்னும் செறியும். எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். கார்த்திகை, மார்கழியில் கூரையிலிருந்து கொட்டுவதைப் பிடித்து மூடிவைத்தால் சில சாடிகளுக்குப் பல மாதம் வரும்.

ஒரு எச்சரிக்கை: கடற்கரை மணலைச் சாடிக்குக் கொண்டுவராதீர்கள். அதில் உப்பும் உண்டு, சிப்பித் தூளின் சுண்ணாம்பும் உண்டு.

புதிய இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது

மேற்சொன்ன சுண்ணாம்பின் வேலை இது. பன்னம் சற்று அமிலமான மண்ணை விரும்பும். சுண்ணாம்பு கூடிய தண்ணீரால் மண் காரமாகும்போது, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தடிப்பாக இருந்தால் உங்கள் தண்ணீர் அத்தகையது. மழைநீருக்கு மாறி, மேல் மண்ணை ஓரங்குலம் அகற்றி, நன்றாக உக்கிய இலைமண் போடுங்கள். அடுத்து வரும் சுருள்கள் (சுருண்டபடி எழும் இளம் இலைகள்) பச்சையாக வந்தால் சரியாகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே வெளிறியவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

அடி இலைகள் மஞ்சளித்து, செடி முழுவதும் சோர்கிறது

வெளிச்சுற்றில் ஒன்றிரண்டு கிழட்டு இலைகள் மஞ்சளிப்பது இயல்பு. வெட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். பொஸ்டன் பன்னத்தின் இலை வளைந்து தொங்குவதும் சோர்வு அல்ல. 1894 ஆம் ஆண்டு பிலடெல்பியாவிலிருந்து பொஸ்டனுக்கு அனுப்பிய பன்னங்களுக்குள், மற்றவை நிமிர்ந்து நிற்க, வளைந்து தொங்கிய ஒன்றைப் பார்த்துத்தான் இந்த வகையைப் பிரித்தெடுத்தார்கள். அந்தத் தொங்கல்தான் அதன் அழகு.

ஆனால் மார்கழி மழையில், அல்லது தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கும் சாடியில், பல இலைகள் ஒன்றாக மஞ்சளித்து, மண் ஈரமாக இருக்கும்போதே செடி சோர்ந்தால், வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. சாடியைத் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மெல்லக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்.

இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மற்றச் செடிகளில் கறுத்த வேர் என்றால் அழுகல். பன்னத்தின் நல்ல வேரே கரும்பழுப்பு நிறம், மயிர் போல மெல்லியது. நிறத்தைப் பார்த்து வெட்டினால் உயிருள்ள வேரை வெட்டிவிடுவீர்கள். விரலால் நசித்துப் பாருங்கள். கம்பி போல விறைப்பாக, இளவேரின் நுனி வெளிறி இருந்தால் அது உயிருள்ளது. பிசுபிசுத்துத் தோல் கழன்று, சாக்கடை மணம் வந்தால் அழுகியது. அழுகியதை மட்டும் வெட்டி, பழைய மண்ணை உதறி, முந்தியதைவிடச் சிறிய சாடியில், கழுவிய தும்புத்தூளும் உக்கிய இலைமண்ணும் கொஞ்சம் சல்லிக்கல்லும் கலந்து நடுங்கள். பெரிய சாடி கொடுப்பது இரக்கமாகத் தோன்றும். குறைந்த வேருக்கு அதிக மண் என்றால் ஈரம் குடிக்க ஆளில்லாமல் மறுபடி அழுகும். வேர் பிடிக்கும் வரை பசளை வேண்டாம்.

வழக்கமாக எப்போது தண்ணீர் ஊற்றுவது? சுட்டுவிரலின் முதல் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். மேற்பரப்பு காயத் தொடங்கி உள்ளே ஈரம் இருந்தால் ஊற்றும் நேரம். கச்சான் காலத்தில் மண்சாடிக்கு நாளாந்தம் தேவைப்படலாம். மாரியில் கிழமைக்கு ஒரு முறைகூடத் தேவைப்படாது. நாட்காட்டி வைத்து ஊற்றுவது எங்கள் காலநிலைக்குப் பொருந்தாது.

தண்ணீர் ஊற்றினால் உடனே கீழே ஓடுகிறது, செடியோ வாடுகிறது

மண் கட்டி காய்ந்து சுருங்கி, சாடிச் சுவரிலிருந்து விலகிவிட்டது. அல்லது சாடி முழுக்க வேராகிவிட்டது. சாடியை அப்படியே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். குமிழி நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். அடித்துளையால் வேர் வெளியே வந்திருந்தால் பிரித்து நடும் காலம் வந்துவிட்டது. கத்தியால் இரண்டாக, மூன்றாக வெட்டலாம். பொஸ்டன் பன்னம் அதைத் தாங்கும். பிரிப்பதை ஐப்பசியில் மழை தொடங்கியபின் செய்யுங்கள்.

வாங்கி வந்து இரண்டு கிழமை, சிற்றிலைகள் கொட்டுகின்றன

எங்கள் ஊரில் விற்கும் பன்னங்களில் பல மலைநாட்டிலிருந்து வருபவை. கண்டியின் ஈரத்தில், நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடி ஹபரணை தாண்டி லொறியில் வந்து எங்கள் வெயிலில் இறங்குகிறது. அது சிற்றிலைகளைக் கொட்டுவது நோயினால் அல்ல, இடம் மாறிய அதிர்ச்சியினால். உடனே சாடி மாற்றாதீர்கள், பசளை போடாதீர்கள். ஒரு மாதம் நிழலில், காற்று நேரே படாத இடத்தில் விடுங்கள். நடுவில் புதிய சுருள்கள் எழுகின்றனவா என்பதே கேள்வி. எழுந்தால் செடி ஊரோடு ஒத்துப்போகிறது. மே, ஜூனில் பன்னம் வாங்காதீர்கள் என்பது என் துணிந்த கருத்து. தை மாதத்தில் வாங்கினால், கச்சானுக்கு முன் பழக நான்கு மாதம் கிடைக்கும்.

இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள்

பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள் காலை வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்கட செடி முழுக்கப் பூச்சி முட்டை. எனக்குத் தந்ததிலயும் வந்திட்டுது. நான் எல்லா இலையையும் வெட்டிப் போட்டன்."

"ஐயோ அன்ரி, அது முட்டை இல்ல. வித்தி. பன்னத்துக்குப் பூவும் இல்ல, விதையும் இல்ல. இந்த வித்தியாலதான் அது இனம் பெருக்கும்."

அவர் கையில் இருந்த இலையைத் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொரு சிற்றிலையின் ஓரத்தையும் ஒட்டி, கை வைத்து அளந்து வைத்தது போல, இரு வரிசையில் ஒரே இடைவெளியில் வட்டப் பொட்டுகள். பறவைக்கூட்டுப் பன்னத்தில் இவை நடு நரம்பிலிருந்து சாய்வாகப் போகும் கோடுகளாக இருக்கும். ஒழுங்கான வரிசை என்றால் வித்தி. அதைத் தொட வேண்டாம்.

ஒழுங்கில்லாமல், நரம்பை ஒட்டியும் தண்டிலும் அங்கொன்று இங்கொன்றாக, நகத்தால் சுரண்டினால் முழுதாகக் கழன்று வரும் பழுப்புச் செதில் என்றால் அது செதிற்பூச்சி. இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். வெள்ளைப் பஞ்சு போல இலைக்கணுவில் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. இரண்டுக்கும் முதல் வைத்தியம் கைதான். அதிகம் பிடித்த இலையை வெட்டி எரியுங்கள். மற்றதைப் பழைய பற்தூரிகையால் மெல்லத் தேய்த்து, செடியைச் சரித்துப் பிடித்துத் தண்ணீரால் கழுவுங்கள். ஐந்து நாளுக்கு ஒரு முறை, நான்கு தடவை. எறும்பையும் நிறுத்த வேண்டும். இனிப்புக்காக அது பூச்சியைக் காவல் காக்கிறது.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் அடிக்கும் பீடைநாசினியையும் எண்ணெய்க் கலவையையும் பன்னத்துக்கு அடிக்காதீர்கள். பன்னத்தின் இலை மெல்லியது, பூச்சிக்கு முன் அது கருகும். சவர்க்காரத் தண்ணீர்கூட ஒரு இலையில் தெளித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பிறகுதான்.

பறவைக்கூட்டுப் பன்னத்தில் கரும்பழுப்புப் பட்டைகள்

இந்தப் பன்னம் எங்கள் நாட்டின் ஈரக் காடுகளில் மரக்கிளையில் ஒட்டி வளர்வது. விழும் சருகைத் தன் கூட்டில் சேர்த்து, அது உக்க உக்க உண்ணும். மண்ணில் ஆழமாகப் புதைத்தால் மூச்சு முட்டும். மேலோட்டமாக, தென்னம்பொச்சுத் துண்டும் சல்லியும் கலந்த கலவையில் நட வேண்டும்.

நரம்புகளுக்கிடையே கோடு பிரித்தது போல, அடியிலிருந்து மேலேறும் கரும்பட்டைகள் தெரிந்தால், இலைக்குள் வாழும், கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுவாக இருக்கலாம். நீர் வடிந்தது போன்ற, கண்ணாடித் தன்மையான புள்ளி விரைவாகப் பெரிதானால் பற்றீரியா. வீட்டில் இரண்டுக்கும் மருந்து இல்லை. இரண்டும் நனைந்த இலை வழியே பரவும். பாதித்த இலையை அடியோடு வெட்டி எரித்து, செடியைத் தனிமைப்படுத்தி, இனி இலை நனையாமல் சாடி ஓரத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். நடுக்கூடு மென்மையாகி அழுகினால் அந்தச் செடி பிழைக்காது, ஏனென்றால் வளரும் முனை அங்கே ஒன்றுதான்.

இளஞ்சுருள் கோணலாக விரிந்தால், யாராவது அதைத் தொட்டிருக்கலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

இலையில்லாத பச்சை நூல்கள் தொங்குகின்றன

ஓடிகள். நோய் அல்ல. மண்ணைத் தொட்டால் புதுச் செடி தரும். வேண்டுமென்றால் ஒரு சிரட்டையில் தும்புத்தூள் போட்டு அருகில் வைத்து, நுனியை அதில் படியவிடுங்கள்.

முள் இருக்கிறது, வெள்ளைப் பூ பூக்கிறது

அப்படியானால் அது பன்னமே இல்லை. சாத்தாவாரியின் உறவான அஸ்பராகஸ். அதன் காயை வீட்டு நாய் பூனை தின்னவிடாதீர்கள். பொஸ்டன் பன்னத்தால் அவற்றுக்கு நஞ்சு இல்லை.

தட்டுத் தண்ணீரில் புழுக்கள் நெளிகின்றன

அவை நுளம்பின் புழுக்கள். ஈரப்பதத்துக்காகக் கூழாங்கல்லும் தண்ணீரும் நிறைத்த தட்டைச் செடிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். நான் அதைக் கைவிட்டுவிட்டேன். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக வர எங்கள் சூட்டில் ஒரு கிழமை, பத்து நாள் போதும். முட்டை காய்ந்த தட்டின் சுவரில் ஒட்டியும் பல மாதம் உயிரோடு இருக்கும். தட்டு கட்டாயம் என்றால் மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டு, உட்சுவரைத் தும்புத்துண்டால் தேய்த்துக் கழுவுங்கள். மழைநீர்ப் பீப்பாவுக்கு மூடியோ நுளம்பு வலையோ இல்லாமல் ஒரு நாளும் விடாதீர்கள்.

ஊருக்குப் போய் வந்தேன், முழுச் செடியும் காய்ந்துவிட்டது

உடனே எறிய வேண்டாம். அடியில் வேர்த்தண்டை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையோ வெளிறிய ஈரமோ தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த இலைகளை மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு எல்லாம் வெட்டுங்கள். அடியன்டத்தை மண் மட்டத்துக்கே வெட்டலாம். அது ஒரு மதியம் காய்ந்தாலும் இலை முழுக்கச் சுருண்டுவிடும், ஆனால் அடியிலிருந்து மீள்வதில் கெட்டி. வாளியில் அமிழ்த்தி எடுத்து, வடியவிட்டு, நிழலில் வையுங்கள். இலை இல்லாத செடி தண்ணீர் அதிகம் குடிக்காது, ஆகவே ஈரம் காக்க மட்டும் ஊற்றுங்கள். பசளை போடாதீர்கள். மூன்று முதல் ஆறு கிழமைக்குள் நடுவில் மயிர் மூடிய சிறு சுருள்கள் தலைகாட்டும். மூன்று நான்கு இலைகள் முழுதாக விரிந்த பிறகு, பொதியில் சொன்னதில் கால் பங்கு அளவு திரவப் பசளையை மாதம் ஒரு முறை, ஈரமான மண்ணில் மட்டும் கொடுங்கள். இரண்டு மாதம் ஈரமாக வைத்தும் ஒரு சுருளும் வராவிட்டால், அப்போது அந்தச் சாடியை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுத்த செடிக்கு எடுக்கலாம்.